மரபணுப் பரிசோதனையை ஏன் கடைசிக்குத் தள்ளுகிறோம்?

சினைப்பைப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்த உடனேயே பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்துவிட வேண்டும். டிஎன்ஏ பழுதைச் சரிசெய்ய உதவும் மரபணு அது; அதில் மாற்றம் இருந்தால் இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். "குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டு, இல்லை என்றதும் விட்டுவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இந்த மரபணு மாற்றம் அப்பா வழியிலும் வரும். அவருக்கு எந்த நோயும் வராமலேயே மகளிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், சிகிச்சையே அந்த ரிசல்ட்டை வைத்துத்தான் மாறுகிறது.

நம் செல்களில் டிஎன்ஏ தினமும் ஆயிரக்கணக்கான இடங்களில் பழுதாகிறது, செல்லும் உடனுக்குடன் சரிசெய்துகொள்கிறது. (இது எப்படி நடக்கிறது என்று காட்டியதற்காகத்தான் லிண்டால், மோட்ரிச், சன்கார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் கிடைத்தது.) ஓர் இழை அறுந்தால் பார்ப் என்ற நொதி அங்கே போய் ஒட்டிக்கொண்டு, பழுதுபார்க்கும் புரதங்களை வரவழைக்கும். பிறகு விலகிவிடும். ஒலாபரிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகள் அதை விலகவிடாமல் டிஎன்ஏ மேலேயே சிக்கவைத்துவிடுகின்றன. டிஎன்ஏ நகலாகும்போது அந்த இடத்தில் தடைபட்டு, இரண்டு இழையுமே அறுந்துபோகிறது. பிஆர்சிஏ புரதம் இருக்கும் செல் இதையும் பிழையில்லாமல் இணைத்துவிடும். அது இல்லாத புற்றுநோய்ச் செல் செத்துவிடும். நோயாளியின் மற்ற செல்களில் பிஆர்சிஏ மரபணுவின் ஒரு நல்ல பிரதி மிச்சமிருப்பதால் அவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன. எவ்வளவு நுட்பமான வைத்தியம்!

2005இல் இரண்டு குழுக்கள் ஆய்வகத்தில் இதை நிரூபித்தன. 2014இல் அமெரிக்காவில் ஒலாபரிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 2018இல் வெளிவந்த சோலோ-1 ஆய்வில், பிஆர்சிஏ மாற்றம் உள்ள, முதல் கீமோவில் நோய் நன்றாகக் கட்டுப்பட்ட பெண்களுக்கு இதைத் தொடர்ந்து கொடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்தும் நோய் முற்றாமல் இருந்தவர்கள் சுமார் 60 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவீதம்தான்.

அதே மாத்திரையை, மூன்று முறையோ அதற்கு மேலோ கீமோ சிகிச்சை பார்த்துவிட்டவர்களுக்குத் தருவதற்கான அனுமதியைத் தயாரிப்பு நிறுவனமே 2022இல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. அந்த நிலையில் கீமோ எடுத்தவர்களைவிட மாத்திரை எடுத்தவர்களின் ஆயுள் குறையலாம் என்ற கவலைதான் காரணம். எல்லாம் செய்து பார்த்துவிட்டு மெதுவாக டெஸ்ட் எடுக்கலாம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மாத்திரையால் பலருக்கு ரத்தசோகை வரும், அரிதாக ரத்தப் புற்றுநோயும் வரலாம். சில கட்டிகள் இன்னொரு மாற்றத்தால் பிஆர்சிஏவை மீட்டுக்கொண்டு மருந்துக்கு மசியாமல் போவதும் உண்டு.

ரத்தத்தில் மாற்றம் இல்லை என்று வந்தால் கட்டித் திசுவையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சில சமயம் கட்டியில் மட்டும் இருக்கும். ரத்தத்திலேயே இருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், ஆண்கள் உட்பட. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது.