கிரீன்வுட்டை இரண்டு முறை அழித்தார்கள்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் இருக்கும் டல்சா, நாலு லட்சம் பேர் வாழும் நடுத்தர நகரம். விருந்தாளி யார் வந்தாலும் முதலில் கூட்டிக்கொண்டு போவது கண்காட்சித் திடலில் நிற்கும் எண்ணெய்த் தொழிலாளி சிலைக்குத்தான். 76 அடி உயரம், உடம்பெல்லாம் தங்க நிறம், 1966-லிருந்து நிற்கிறது. பக்கத்தில் கிளென் பூலில் 1905-ல் எண்ணெய் கிடைத்ததும் பணம் கொட்டிய ஊர் இது. 1929-ல் கட்டிய பாஸ்டன் அவென்யூ மெதடிஸ்ட் தேவாலயத்தின் கோபுரத்தைப் பார்த்தால், அந்தப் பணத்தில் கொஞ்சம் ரசனையோடும் செலவாகியிருப்பது தெரியும். எல்லாமே பார்க்க வேண்டியவைதான்.

ஆனால் இந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியில், கிரீன்வுட் அவென்யூவில் குனிந்து நடக்க வேண்டும். நடைபாதையில் சின்னச் சின்ன உலோகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அங்கே இருந்த ஒரு கடை அல்லது தொழிலின் பெயர். அதன் கீழே, 1921-ல் அழிக்கப்பட்டது என்று ஒரு வரி. அப்புறம், மீண்டும் திறந்தார்களா இல்லையா என்பது. ஒரு முழுக் குடும்பத்தின் கதை அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

1921 மே 31 இரவும் ஜூன் 1-ம் தேதியும் நடந்ததை இப்போது பலரும் அறிவார்கள். டிக் ரோலண்ட் என்ற கறுப்பின இளைஞர் மீது லிஃப்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தாக்கியதாகப் பழி விழுந்தது. வெள்ளையர் கும்பல் கிரீன்வுட்டுக்குள் புகுந்து சுமார் 35 தெருக்கட்டுகளை எரித்தது. எரிந்த வீடுகள் மட்டும் 1,256 என்று செஞ்சிலுவைச் சங்கம் கணக்கெடுத்தது. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. கலவரச் சேதம் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்துவிட்டன.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. சில நாட்களிலேயே நகர நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: தீப்பிடிக்காத பொருட்களால் மட்டுமே மறுபடி கட்டலாம். வீடு வாசல் இழந்தவர்களால் அது முடியுமா? இடத்தை விட்டுக் கிளப்பத்தான் அந்த விதி. பி. சி. ஃபிராங்க்ளின் என்ற கறுப்பின வழக்கறிஞர் ஒரு கூடாரத்தையே அலுவலகமாக்கி அதை எதிர்த்து வழக்காடி ஜெயித்தார். மவுண்ட் சயோன் பாப்டிஸ்ட் தேவாலயத்தைத் திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எரித்துவிட்டார்கள். கட்டக் கடன் வாங்கியிருந்தார்கள். கட்டடமே இல்லை, ஆனாலும் அந்தச் சபையார் பல ஆண்டுகள் காசு சேர்த்து அந்தக் கடனை அடைத்தார்கள். பிறகுதான் புதிய தேவாலயம் எழுந்தது, 1952-ல். இந்த ஒரு செய்திக்காகவே நான் அந்த மக்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அப்படி எழுந்து நின்ற கிரீன்வுட்டில் 1940-களில் இருநூறுக்கும் மேற்பட்ட தொழில்கள் நடந்தன. கும்பலால் அழிக்க முடியாத ஊர் அது. அதை அழித்தது 1960-களில் தொடங்கிய நகரச் சீரமைப்பும், ஐ-244 விரைவுச் சாலையும். இந்த முறை நெருப்பு இல்லை. வரைபடமும் கையெழுத்தும் இழப்பீட்டுக் காசோலையும் போதுமாக இருந்தன. தகடுகள் பதித்த தெருவில் வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் தலைக்கு மேலே அந்தச் சாலை இரைந்துகொண்டிருக்கும். இன்று மிச்சமிருக்கும் பழைய செங்கல் கட்டடங்கள் கொஞ்சம்தான்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 1921-க்கு நினைவுப் பூங்கா இருக்கிறது, நூற்றாண்டை ஒட்டி வரலாற்று மையமும் வந்தது. வரவேண்டியவைதான், மிகவும் தாமதமாக வந்தன. ஆனால் இரண்டாவது அழிவை 'வளர்ச்சி' என்ற கணக்கில் எழுதி மூடிவிட்டார்கள். கும்பலைக் குற்றம் சொல்வது இன்று எளிது. அவர்கள் யாரும் உயிரோடு இல்லை. சாலை இன்னும் இருக்கிறது, அதை எடுப்பதும் எடுக்காததும் இன்றைய ஆட்களின் கையில் இருக்கிறது.

எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. கிரீன்வுட் வழியாகப் போகும் அந்தச் சாலைத் துண்டை அகற்றுவது பற்றி ஆய்வு செய்ய 2023-ல் மத்திய அரசு நிதியும் ஒதுக்கியது. போக்குவரத்து என்ன ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் டல்சாவின் மையப்பகுதியைச் சுற்றி வளையமாகவே விரைவுச் சாலைகள் இருக்கின்றன. ஐ-244-ன் இந்தத் துண்டு வளையத்தின் வடக்குப் பக்கம் மட்டுமே. வண்டிகள் மற்ற பக்கங்களில் சுற்றிப் போகட்டும், சில நிமிடம் கூடுதலாகட்டும். நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரம் தன் உள்வட்டச் சாலையின் கிழக்குப் பகுதியை மண்போட்டு நிரப்பி 2017-ல் வேலையை முடித்தது. இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன, ஆட்கள் குடியிருக்கிறார்கள். கிரீன்வுட்டில் அப்படி நிலம் திரும்பக் கிடைத்தால், அது முதலில் போக வேண்டியது அங்கே வீடும் கடையும் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு. அந்த நிபந்தனை இல்லாமல் சாலையை மட்டும் எடுத்தால், நிலம் விலையேறி வேறு யாரோ வாங்கிவிடுவார்கள்.