அம்மாக்களை முன்வரிசையில் நிறுத்துகிறவர்களுக்கு

போன சனிக்கிழமை ராத்திரி கோலாலம்பூரில் ஒரு மெழுகுவர்த்திக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்த அமைப்பைப் பற்றியதாகிவிடும். சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டவர்களின் அம்மாக்கள், மனைவிமார்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். ஏற்பாட்டாளர் தம்பி ஒருவர் கையைத் தட்டி, "அம்மாக்கள் எல்லாம் முன்னுக்கு வாங்க, படத்தை நெஞ்சுக்கு நேராப் பிடிங்க" என்றார். பிடித்தார்கள். அப்புறம் பேச்சு தொடங்கியது. ஏழு பேர் பேசினார்கள், ஏழு பேரும் ஆண்கள். மழை தூற ஆரம்பித்த பிறகுதான் ஒரு அம்மாவின் கைக்கு மைக் வந்தது. "ரெண்டு வார்த்தை மட்டும்மா" என்று அந்தத் தம்பி அவர் காதில் சொன்னது எனக்கே கேட்டது. அந்த அம்மா வாயெடுத்தார், அழுகை வந்துவிட்டது. உடனே பத்துப் போன் மேலே எழும்பியது. மறுநாள் காலையில் முகநூலில் சுற்றியது அந்த அழுகைதான்.

எனக்கு அந்த அம்மாவைத் தெரியும். செந்தூலில் நான் வைத்திருக்கும் போட்டோஸ்டாட் கடைக்கு மாதம் இரண்டு தடவையாவது வருவார். கையில் ஒரு பச்சை ஃபைல் இருக்கும். போலீஸ் புகாரின் நகல், குற்றப்பத்திரிகை, அமைச்சுக்கு அனுப்பிய கடிதங்கள், கடிதம் கிடைத்தது என்று வந்த ஒற்றை வரிப் பதில்கள், வழக்கு தள்ளிப்போன தேதிகளைக் குறித்து வைத்த முருகன் காலண்டர் தாள்கள், எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கும். மகனின் படத்தை லேமினேட் செய்ததும் என் கடையில்தான். "கல்யாண வீட்டுல எடுத்த படம் வேணாம் தங்கச்சி, அதுல சிரிச்சுக்கிட்டு இருக்கான்" என்று சொல்லி, வேறு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஒரு நாள் என் கவுன்டருக்குப் பக்கத்தில் நின்றபடியே, புதிதாகப் புருஷன் பிடிபட்டிருந்த இரண்டு சின்னப் பெண்களுக்கு வகுப்பே எடுத்தார். எந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும், வக்கீலிடம் முதலில் என்ன கேட்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையிடம் அப்பா எங்கே என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும், வீட்டு வாடகைக்காரன் வந்து கத்தினால் எப்படிச் சமாளிக்க வேண்டும். நாற்பது நிமிடம் இருக்கும். ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஒரு சட்டத்தை இவ்வளவு தெளிவாக எந்தத் தலைவரும் விளக்கி நான் கேட்டதில்லை. இவருக்குத்தான் அன்றைக்கு ரெண்டு வார்த்தை.

சொஸ்மாவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. விசாரணையில்லாமல் உள்ளே வைக்க வழி செய்த இசா என்ற பழைய சட்டம் 2012இல் போனபோது அதன் இடத்தில் வந்த சட்டம் இது. பிடித்தவரை வழக்குப் போடாமல் 28 நாள்வரை வைத்துக்கொள்ள வழி செய்தது. வழக்குப் போட்ட பிறகும் ஜாமீனுக்கு இடம் வைக்கவில்லை. பெண்களுக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மட்டும் சில வழக்குகளில் ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்தார்கள். ஆகவே விசாரணை முடியும்வரை, அது வருடக்கணக்கானாலும், உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வெளியே ஓடுகிறவர்கள் பெண்கள். இது ஏன் பெண்கள் போராட்டமாக இருக்கிறது என்பதற்குத் தாய்ப்பாசம் என்று யாரும் கவிதை எழுத வேண்டாம். சட்டமே அப்படிப் பிரித்து வைத்திருக்கிறது.

உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. கும்பல் வழக்குகளும் இருக்கின்றன. அம்மாக்களும் அப்படிச் சொல்வதில்லை. "குத்தம் செஞ்சிருந்தா தண்டனை குடுங்க, ஆனா சீக்கிரம் விசாரிச்சுட்டுக் குடுங்க" என்பதுதான் அவர்கள் கேட்பது. நம் ஆட்கள்தான் நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். 2019 அக்டோபரில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள். அதில் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர். தீபாவளியை அவர்கள் உள்ளேதான் கழித்தார்கள். 2020 பிப்ரவரியில் அட்டர்னி ஜெனரல் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். அப்போது புகைந்ததே, அது எந்த நெருப்பு?

இதெல்லாம் ராணுவமயம்தான் என்று நான் சொன்னதற்கு, நம் ஊரில் சாலையில் டாங்கியா ஓடுகிறது, இதில் ராணுவமயம் எங்கே வந்தது என்று கடையில் ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் இங்கே அறிவித்த அவசரகாலம் 1948இல் தொடங்கியது. 1960 ஜூலை 31 அன்று முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மறுநாளே, ஆகஸ்டு 1, இசா நடைமுறைக்கு வந்தது. பிறகு சொஸ்மா. காட்டில் நடந்த சண்டை முடிந்து போனது. அதற்காகச் செய்த பூட்டு மட்டும் பெயர் மாறி மாறி இன்றுவரை தொங்குகிறது.

என் பாட்டி சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய அண்ணன், ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. ஆனால் ராணுவம் என்ற பேச்சு வந்தால் பாட்டி ரயிலைச் சொல்ல மாட்டார், தூக்குச்சட்டியைத்தான் சொல்வார். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, விடியற்காலையில் மரம் வெட்டப் போகிறவர்களைத் தோட்டத்து கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். தூக்கைத் திறந்து பார்ப்பார்கள். சேலை மடிப்பைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு நாள் பெண்கள் எல்லாரும் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்களாம். எங்களைச் சோதிக்கப் பொம்பளை ஆள் வரட்டும், அதுவரை எழுந்திருக்க மாட்டோம் என்று. வந்தார்களா பாட்டி என்று கேட்டால் சிரிப்பார். "மூணாம் நாளு வந்தா. நம்மைவிட அவளுக்குத்தான் பயம்." இந்தக் கதையை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. பாட்டியும் இதைப் போராட்டம் என்று சொன்னதில்லை. "அன்னிக்கு உக்காந்தோம்" என்பார், அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளம் மட்டும் கேட்கவில்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பது ஒரு கோரிக்கை. தோட்டத்து மேலதிகாரிகள் பெண்களிடம் கைவைப்பது நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடுகடத்தினார்கள், தோட்டங்களுக்குள் பட்டாளம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாம் இந்தக் கதையைச் சொல்லும்போது சைக்கிளை மறக்காமல் சொல்கிறோம். அந்த இன்னொரு கோரிக்கை பாதிப் பேருக்குத் தெரியாது.

நேதாஜியின் ராணுவத்தில் 1943இல் வந்த பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையை மேடைதோறும் சொல்கிறோம். பெருமைதான், எனக்கும் பெருமை. ஆனால் அந்தப் படையில் இருந்த ராசம்மா பூபாலன் பின்னாளில் ஆசிரியைகளுக்குச் சம சம்பளம் கேட்டுத் தொழிற்சங்கம் கட்டியதை எத்தனை பேர் சொல்கிறோம்? துப்பாக்கி ஏந்தினால் வீராங்கனை. மகன் படத்தை ஏந்தினால் பாவம், பெற்ற வயிறு. இதுதான் நம் கணக்கு.

நம் கதை மட்டுமில்லை. 1948 டிசம்பரில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் துருப்புகள் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றிய பிறகு நடந்தது அது. கட்டிக்கொள்ள இருந்தவரை அன்று இழந்த தாம் யோங் என்ற சீனப் பெண்மணி, 2010இல் சாகும்வரை நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கு லண்டன் உச்ச நீதிமன்றம்வரை போய் 2015இல் தோற்றது. ஆனால் தப்பி ஓடியவர்களைத்தான் சுட்டோம் என்ற பழைய சர்க்கார் கதையை இன்று நம்புவதற்கு ஆளில்லை.

இனி ஈழம். போர் முடிந்த நாளான மே 18 வந்தால் இங்கே விளக்கேற்றுகிறோம், கோஷம் போடுகிறோம், மறுநாள் வேலைக்குப் போகிறோம். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். சரணடையச் சொல்லித் தங்கள் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்பதுதான் அவர்களில் பலரின் கேள்வி. அது வருடக்கணக்கில் நீண்டது. பதில் கிடைக்காமலே பலர் கண்ணை மூடிவிட்டார்கள்.

அதே ஆண்டு ஜனவரி கடைசியில் முல்லைத்தீவில், கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பில் இன்னொரு கூட்டம் உட்கார்ந்தது. விமானப்படை பிடித்து வைத்திருந்த தங்கள் காணிக்கு எதிரேயே, பிள்ளைகுட்டியோடு. ஒரு மாதம் வெயில், பனி எல்லாம் பார்த்தார்கள். மார்ச் 1 அன்று காணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். போருக்குப் பிறகு வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகள் பலருக்குச் சம்பளம் கொடுத்ததே பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம்தான் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பாலர் வகுப்பு டீச்சரின் சம்பளத்துக்குள் ராணுவம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த அண்ணன் கேட்ட டாங்கியைவிட இது ஆழமாகப் போகும். என் பாட்டியின் தூக்குச்சட்டியும் இந்த டீச்சரின் சம்பளமும் எனக்கு ஒன்றுதான்.

இப்படிப்பட்ட பெண்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குப் பிடிப்பது அவர்களின் கண்ணீர் இல்லை, அவர்களின் யுக்தி. அர்ஜென்டினாவில் 1977 ஏப்ரல் 30 அன்று, ராணுவ ஆட்சியில் பிள்ளைகளைக் காணாமல் தேடிய 14 அம்மாக்கள் பிளாசா டே மாயோ சதுக்கத்துக்கு வந்தார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்று போலீஸ் விரட்டியது. சரி, நகர்கிறோம் என்று சதுக்கத்தையே சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமைதோறும் அந்த நடை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. தலையில் கட்டிய வெள்ளைத் துணி, முதலில் குழந்தைக்குக் கட்டும் துணி.

மணிப்பூரை நம்மவர்கள் ஒரே ஒரு படமாகத்தான் வைத்திருக்கிறார்கள். 2004 ஜூலையில் தங்ஜம் மனோரமா என்ற பெண்ணை அசாம் ரைபிள்ஸ் என்ற துணை ராணுவப் படை பிடித்துக்கொண்டு போனது, பிறகு சடலம்தான் கிடைத்தது. சில நாளில், அந்தப் படை தங்கியிருந்த இம்பால் காங்லா கோட்டை வாசலில் 12 பெண்கள் உடையைக் களைந்து நின்றார்கள். படத்தில் தெரியாத ஒன்று உண்டு. மெய்ரா பைபி, அதாவது தீப்பந்தம் ஏந்தும் பெண்கள், அதற்கு முன்பே வருடக்கணக்காக ராத்திரியில் தெருமுனையில் காவல் இருந்தவர்கள். ராணுவ வண்டி வந்தால் மின்கம்பத்தைத் தட்டுவார்கள். சத்தம் கேட்டதும் தெருவே எழுந்து வரும். அந்த நாள் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. அந்த வருடமே அசாம் ரைபிள்ஸ் கோட்டையைக் காலி செய்தது.

2000இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தீர்மானம் 1325 என்று ஒன்றை நிறைவேற்றியது. அமைதிப் பேச்சில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று சொல்வது. இதைப் பற்றிய ஒரு கருத்தரங்குக்கு இங்கே ஒரு ஹோட்டலில் போய் உட்கார்ந்தேன். காரிப் பஃப் நன்றாக இருந்தது.

ஏற்பாட்டாளர் தம்பிகளுக்கு என் மேல் கோபம் வரலாம். நீங்கள் கெட்டவர்கள் இல்லை, எனக்குத் தெரியும். உங்களில் சிலர் சொந்தக் காசைப் போட்டு ஓடுகிறீர்கள். "ஆனால் அம்மா அழுதால்தான் அக்கா பத்திரிகையில் வரும்" என்று ஒரு தம்பி சொன்னார். வரட்டும், வந்து என்ன ஆனது? அழும் முகத்தைப் பார்த்தவன் ஐயோ பாவம் என்றுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போகிறான். பச்சை ஃபைலைத் திறந்து தேதியோடு பேசினால் அவனால் அப்படிப் போக முடியாது. முதல் பேச்சு அவருக்குக் கொடுங்கள், மழைக்கு முன்னால். உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள், பதினோரு பேரில் பாதிப் பேருக்கு முட்டி வலி. பேருந்துக் காசு கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு என்ன கோரிக்கை வைப்பது என்று முடிவெடுக்கும் இடத்துக்கும் அவர்களைக் கூப்பிடுங்கள். அந்தக் கூட்டம் ராத்திரி பத்து மணிக்கு மாமாக் சாப்பாட்டுக் கடையில் நடந்தால் அவர்களால் எப்படி வர முடியும்?

திங்கட்கிழமை அந்த அம்மா கடைக்கு வந்தார். வீடியோவைப் பார்த்தீங்களாக்கா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பார்த்தாராம், மருமகள் காட்டினாளாம். "எல்லாரும் மகனை நெனச்சு அழுதேன்னு போட்டிருக்காங்க. அவனை நெனச்சு அழுது முடிச்சு ரொம்ப நாளாச்சு தங்கச்சி. ரெண்டு வார்த்தைன்னு அந்தப் பையன் சொன்னான் பாரு, அந்த ஆத்திரத்துல வந்துச்சு" என்றார். பிறகு தன் கையால் எழுதிய நாலு பக்கத் தாளை நீட்டி முப்பது நகல் கேட்டார். காசு வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை, பத்து வெள்ளியைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அவரும் இன்னும் மூன்று பேரும் சுங்கை பூலோ சிறைக்குப் போகிறார்கள். போன தடவை கிராப் டாக்சிக் காசே கையைக் கடித்துவிட்டது. செந்தூல் பக்கமிருந்து கார் எடுக்கக்கூடியவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.