கலீனாவின் ஆறு எப்போது தூர்ந்தது?
அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஈயச் சுரங்கங்களால் செழித்த கலீனா நகரம் பிறகு தேய்ந்துபோனதற்கு ரயில் வந்ததுதான் காரணம் என்று ஒரு கட்டுரை சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. ரயில் அங்கே வந்தது 1854-இல். ஊரின் ஆறு அதற்கு முன்பே மண் சேர்ந்து தூர்ந்துபோக ஆரம்பித்துவிட்டது. ஈயத் தாதுவை உருக்கும் உலைகளுக்கு விறகு வேண்டும் என்று சுற்றியிருந்த குன்றுகளின் மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். சுரங்கமும் உழவும் கிளறிவிட்ட மண் ஒவ்வொரு மழைக்கும் ஆற்றில் இறங்கியது. மிசிசிப்பியிலிருந்து நீராவிக் கப்பல்கள் உள்ளே வந்து ஈயம் ஏற்றிய ஆறு அது! இன்று அதைப் பார்ப்பவர்கள் நம்பவே மாட்டார்கள். எளிதில் எடுக்கக்கூடிய தாதும் குறைந்தது, 1849-இல் தங்கம் தேடிப் பலர் கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். அப்புறம், பழைய கட்டடங்களை ஊரார் அக்கறையோடு காப்பாற்றினார்கள் என்று அந்தக் கட்டுரைக்கு ஒரு வாசகர் கருத்து எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் காப்பாற்றினார்கள், சரி. ஆனால் 1855-இல் ஐந்து மாடியோடு திறந்த டிசோட்டோ ஹவுஸ் ஹோட்டலின் மேல் இரண்டு மாடிகளை 1880-இல் அவர்களே இடித்தார்கள். மற்றவை அத்தனை காலம் தப்பி நின்றதற்கு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஊரில் பணம் புழங்காததுதான் பெரிய காரணம் என்பேன்.