துரைசாமி சார்

எழுத்தாளர் நகுலன் என்றதும் நம் ஆட்களுக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகம் வரும். ஒன்று, ‘ராமச்சந்திரனா என்று கேட்டேன்’ என்று தொடங்கும் குட்டிக் கவிதை. இன்னொன்று, பழைய வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் முதியவரின் புகைப்படங்கள். இரண்டையும் குழைத்து ஒரு சித்தரைச் செய்து வைத்துவிட்டோம். அடிக்கடி யாராவது அந்தச் சில வரிகளைப் பகிர்கிறார்கள், கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். எனக்கும் அந்தக் கவிதை பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் இந்தக் கும்பிடு சத்தத்தில் ஒரு ஆள் காணாமல் போய்விட்டார். அவர் டி. கே. துரைசாமி, நகுலன் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்த ஆங்கிலப் பேராசிரியர்.

1921இல் கும்பகோணத்தில் பிறந்து, இளம் வயதிலேயே திருவனந்தபுரம் போனவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ., அப்புறம் ஆங்கிலத்திலும் எம்.ஏ. மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2007இல் காலமானார். எழுதுகிற எல்லோரும் ‘ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றினார்’ என்ற வரியை ஒரே எட்டில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கால் நிற்கிறது. நானும் ஆங்கிலம் நடத்திப் பிழைக்கிறவன் என்பதால் இருக்கலாம்.

முதலில் காசு விஷயம். ‘நினைவுப் பாதை’ 1972இல் வந்தது. கதை என்று கையில் பிடிக்க ஒன்றும் தராத நாவல். அந்தக் காலத்தில் அதை எந்தப் பதிப்பாளர் தேடி வந்து கேட்டிருப்பார்? நகுலன் தன் புத்தகங்கள் பலவற்றைச் சொந்தச் செலவில் போட்டவர். அதாவது ஷேக்ஸ்பியரும் எலியட்டும் நடத்தி வாங்கிய சம்பளம் தமிழ் நாவலுக்குக் காகிதமும் அச்சுக்கூலியும் ஆகியிருக்கிறது. எழுத்தை நம்பி இறங்கிய புதுமைப்பித்தன் சினிமா வரை போய் அலைந்து 1948இல் காசநோயில் போனார். விமர்சகர் க.நா.சு. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு எழுதி எழுதிக் காலம் தள்ளினார். நகுலனுக்கு வாசகரின் தயவு தேவைப்படவில்லை. அவருடைய அந்தப் பிடிவாதத்தை ஞானம் என்கிறார்கள். முதல் தேதி வரும் சம்பளத்துக்கும் அதில் பங்கு உண்டு என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இரண்டாவது, மொழி. வகுப்பில் ஆங்கிலம். வெளியே தெருவில், கடையில், பஸ்ஸில் மலையாளம். தமிழ் வீட்டிலும், தேடி வரும் சில நண்பர்களிடமும், காகிதத்திலும் மட்டும். நீல. பத்மநாபன், காசியபன், ஷண்முக சுப்பையா என்று அந்த ஊரில் ஒரு சின்னத் தமிழ்க் கூட்டம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் நாள் முழுக்க வேறு மொழிகளில் இருந்துவிட்டு இரவில் தமிழுக்கு வரும் ஒருவரின் வாக்கியம் எப்படி இருக்கும்? அலங்காரம் இருக்காது, மேடைக்குரல் இருக்காது. தனக்குத்தானே பேசிக்கொள்வது போல, பாதியில் நின்று, திரும்பவும் அதே சொல்லைத் தொட்டுப் பார்க்கும். நகுலனின் வரிகள் அப்படித்தான். அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் சுசீலா யார், நிஜமா கற்பனையா என்று நாற்பது வருஷமாகத் துப்பறிகிறோம். அவள், கேட்க ஆள் இல்லாத ஒரு மொழியைக் கேட்பதற்காக அவர் உட்கார்த்தி வைத்த ஆள் என்று எனக்குத் தோன்றுகிறது. என் ஊகம்தான்.

அதே ஊரில், அதே தொழிலில் இன்னொரு கவிஞர் இருந்தார். அய்யப்பப் பணிக்கர், கேரளப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறைப் பேராசிரியர். அவருடைய ‘குருக்ஷேத்ரம்’ 1960இல் வந்து மலையாளக் கவிதையைப் புரட்டிப் போட்டது. 1968இல் நகுலன் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார், அதன் பெயரும் ‘குருக்ஷேத்திரம்’. பெயர் ஒன்றுதான், நிலைமை வேறு. பணிக்கர் வகுப்பிலிருந்து வெளியே வந்தால் தெருவே அவருடைய மொழியைப் பேசியது. துரைசாமி சார் வெளியே வந்தால் நகுலனை யாருக்கும் தெரியாது. அவரிடம் படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வந்திருக்கும்?

சேலத்தில் கவிஞர் சி. மணியும் இந்த ஜாதிதான். ஆங்கில ஆசிரியர், ‘நடை’ பத்திரிகைக்காரர். அவர் இன்னும் மோசம், பகிர்வதற்குக்கூட நான்கு வரி சுலபமாகச் சிக்காது. அவரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

நூற்றாண்டு வந்த 2021இல் நகுலனைப் பற்றி நிறையக் கட்டுரைகள் வாசித்தேன். எல்லாம் எழுத்தாளர்கள் பார்த்த நகுலன். மாலையில் போனோம், இப்படிச் சொன்னார், அப்படிச் சிரித்தார். சரி, காலையில் அவர் எப்படி இருந்தார்? வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும்போது குரல் எப்படி இருக்கும்? விடைத்தாளில் தாராளமா, கஞ்சமா? பாடத்தை விட்டு விலகிப் போவாரா, இல்லை மணியடித்ததும் புத்தகத்தை மூடிவிடுவாரா?

அறுபதுகளில் மார் இவானியோஸில் படித்தவர்களுக்கு இன்று எண்பது வயது ஆகியிருக்கும். உங்கள் அப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டு மலையாளத் தாத்தாவோ அந்தக் கல்லூரியில் அப்போது படித்தவர் என்றால் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். நகுலன் என்று கேட்காதீர்கள், முழிப்பார்கள். துரைசாமி சார் என்று கேளுங்கள்.