யார் காலை யார் கழுவுகிறார்கள்?

தன்பாலீர்ப்பாளர்களுக்கும் தன் சபையில் இடமுண்டு என்ற மெனோனைட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) போதகரை ‘நல்ல மனசு’ என்று பாராட்டியதோடு கட்டுரையை முடித்துவிட்டீர்களே! அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியிருக்கலாம். பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் சபை 1683-இல் வேர்விட்ட பழைய சபை. தன்பாலீர்ப்பாளர்களை உறுப்பினராகச் சேர்த்ததற்காக 1997-இல் அதையே மாநாட்டிலிருந்து, அதாவது வட்டாரச் சபைகளின் கூட்டமைப்பிலிருந்து, வெளியேற்றினார்கள். அமெரிக்க மெனோனைட் சபை, தன்பாலீர்ப்பாளர்களுக்குத் தடையாக இருந்த பழைய உறுப்பினர் சேர்க்கை வழிகாட்டுதல்களைக் கைவிட்டது 2022 மே மாதம், கான்சாஸ் சிட்டியில். கால் நூற்றாண்டு! அதற்குள் லங்காஸ்டர் மாநாடு அமெரிக்க மெனோனைட் சபையிலிருந்து பிரிந்தே போய்விட்டது.

மெனோனைட்டுகளிடம் பாதம் கழுவும் வழக்கம் உண்டு. குனிந்து, பக்கத்தில் இருப்பவரின் காலைப் பேசினில் வைத்துக் கழுவி, துண்டால் துடைக்க வேண்டும். அந்தப் போதகர் சபையில் யார் காலை யார் கழுவுகிறார்கள் என்று ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.