தாத்தாவின் தழும்புக் கணக்கு

(தாத்தாவின் டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. நாளை அவருடைய நினைவுக் கூட்டம். பேச வேண்டியவன் தம்பி. யாரும் கேட்காமலே திருத்த வந்தவள் அக்கா.)

அக்கா: எங்கே, எழுதினவரைக்கும் படி.

தம்பி: "எங்கள் தாத்தா மாபெரும் படைவீரர். அஞ்சா நெஞ்சர்."

அக்கா: பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறுவாரே, அவரா?

தம்பி: அது பயம் இல்லையாம். உயரமான இடத்தைப் பிடிப்பதாம். எந்தப் படையும் முதலில் அதைத்தான் செய்யும் என்பார்.

அக்கா: சொல்லும்போது காது மடலைத் தடவினாரா?

தம்பி: தடவினார்.

அக்கா: அப்போ பொய். மேலே படி.

தம்பி: "நிமிஷத்துக்கு 120 அடி, அடிக்கு 30 அங்குலம் என்று சாகும்வரை அதே அளவாக நடந்தவர்."

அக்கா: சின்ன வயதில் நிமிஷத்துக்கு 120 அடி என்று கேட்டதும் நான் அழுதுவிட்டேன். யார் முதுகில் விழும் என்று தெரியவில்லை.

தம்பி: கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 300 அடி தூரம் வருகிறது அக்கா. வேலியை அளக்க வந்தவரிடம் டேப் எதற்கு என்று கேட்டுவிட்டு இவரே நடந்து அளந்தாரே. அரை அடி இடித்தது.

அக்கா: டேப்பைத்தானே சந்தேகப்பட்டார்?

தம்பி: சுருங்கிவிட்டது என்றார். இரும்பு டேப்!

அக்கா: போனில் பெயர் சொன்னதை எழுதினாயா?

தம்பி: எது?

அக்கா: பார்சல் அனுப்ப போன் செய்தாரே. இனிஷியல் கேட்டார்கள். இவர் பட்டாளத்து வழக்கப்படி, எழுத்து தெளிவாகக் கேட்க அதில் தொடங்கும் ஒரு சொல்லையும் சேர்த்து, "கே. கிலோ" என்றார். அந்தப் பெண் "எத்தனை கிலோ சார்?" என்றாள். "நான் மொத்தமே 58தான் அம்மா" என்று சொல்லிவிட்டார். பார்சலுக்கு 58 கிலோ என்று பில் வந்தது.

தம்பி: அடப்பாவமே! தாத்தா கோபப்பட்டாரா?

அக்கா: அந்தப் பெண் மேல் இல்லை. ஆல்ஃபா, பிராவோ, சார்லி எல்லாம் 1956 மார்ச்சிலிருந்து விமானம் ஓட்டுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள், பார்சல் கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை என்று நமக்குத்தான் திட்டு.

தம்பி: இரு, எழுதிக்கொள்கிறேன். அடுத்தது உழைப்பு. "ஓயாத உழைப்பாளி."

அக்கா: ஓயாத என்று எல்லாரும்தான் எழுதுவார்கள். அந்தத் தகர டப்பாவைத் திற.

தம்பி: ஆணி. பூரா பழைய ஆணி.

அக்கா: பட்டாளத்திலிருந்து வந்த பிறகு இருபது வருஷம் பட்டறை வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, வளைந்த ஆணியை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்துவார். ஆணிக்கு இரண்டே தட்டு. உருட்டிப் பார்ப்பார். ஆடினால் மூன்றாவது தட்டு. அதற்கும் நிமிராததைத் தனியாகப் போடுவார்.

தம்பி: ஆமாம், டப்பாவுக்குள் சின்ன டப்பா. மேலே "விடுப்பில்" என்று எழுதியிருக்கிறது.

அக்கா: (சிரித்து) இதெல்லாம் எனக்கே தெரியாது.

தம்பி: பூட்ஸும் இருக்கிறது அக்கா. இன்னும் முகம் தெரிகிறது பார்.

அக்கா: தெரியாமல் என்ன? துணியை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றி, பாலிஷ் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, காசளவு வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். மெழுகு தோலின் குழியை எல்லாம் நிரப்பி வழவழப்பாக்கினால்தான் பளபளப்பு வருமாம். ஒரு முறை கண்ணாடி உடைந்த அன்று பூட்ஸைப் பார்த்தே சவரம் செய்துகொண்டார்.

தம்பி: அதில்தான் புருவத்துக்கு மேலே வெட்டு விழுந்ததா?

அக்கா: சேச்சே, அந்தத் தழும்பு பட்டாளத்தில் விழுந்தது. முகாம் சமையல்காரர் கரண்டியை எறிந்தார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று தாத்தா சொன்னாராம், கிண்டல் என்று நினைத்துவிட்டாராம்.

தம்பி: என்ன அக்கா கரண்டி? குண்டு உரசியது! என்னிடம் சத்தியம் செய்து சொன்னார். நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன்!

அக்கா: பெரியப்பா பையனிடம் ஆடு முட்டியது என்று சொன்னாராம்.

தம்பி: ஆடா? நாளைக்கு நான் எதைப் பேசுவது? இரு... பெட்டிக்கு அடியில் ஒரு நோட்டு. "தழும்புக் கணக்கு."

அக்கா: கொடு. (புரட்டுகிறாள்) பெயர், தேதி, சொன்ன கதை, நம்பினானா இல்லையா. நாலு கட்டம் போட்டிருக்கிறார்டா!

தம்பி: மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கணக்கு வைத்தாரா?

அக்கா: என் பெயருக்கு நேரே, "கரண்டி. நம்பவில்லை. ஆனாலும் சிரித்தாள்."

தம்பி: எனக்கு?

அக்கா: வேண்டாம்.

தம்பி: படி அக்கா.

அக்கா: "குண்டு. நம்பினான். பாவம்."

தம்பி: ...

அக்கா: கடைசி வரியைப் பார். "உங்கள் பாட்டி. உள்ளது உள்ளபடி." தேதி இல்லை.

தம்பி: நிஜச் சண்டையைப் பற்றி நம்மிடம் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. பாட்டியிடம் மட்டும் சொன்னாரா? இரு, கேட்டுவிட்டு வருகிறேன்.

(உள்ளே போகிறான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வருகிறான்.)

அக்கா: என்ன சொன்னாள்?

தம்பி: "எந்தத் தழும்பு?" என்று கேட்டாள்.

அக்கா: கூடவே வாழ்ந்தவளுக்கு எந்தத் தழும்பென்று தெரியாதா? காது மடலைப் பார்த்தாயா?

தம்பி: பார்த்தேன். இரண்டு கையும் காதில்தான் இருந்தது.

அக்கா: நம்பினாயா?

தம்பி: இல்லை.

அக்கா: அந்தப் பேனாவைக் கொடு. நாலாவது கட்டம் காலியாக இருக்கிறது.