கம்பெனிக்கு என்ன குறைஞ்சிடும்னு கேட்கிறவங்களுக்கு

சூப்பர் மார்க்கெட்ல ஒரு பொண்ணு பொருளை எடுத்துப் பையில போட்டு மாட்டிக்கிட்டதா சுத்துதே, அந்த வீடியோவைப் பத்தித்தான். அந்தப் பொண்ணு முகத்தைக் காட்டிப் போட்டது தப்பு, அதுல மறுபேச்சே இல்லை. ஆனா 'பெரிய கம்பெனிதானே, எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும், மளிகைக் கடையில கை வெச்சாத்தான் பாவம்'னு இத்தனை பேர் கமெண்ட் போட்டிருக்கீங்களே, அதைப் படிச்சுத்தான் மனசு ஆறலை.

அங்க காணாமப் போற சரக்கு பல இடத்துல முதலாளியைத் தொடுறதே இல்லைங்க. ஸ்டாக் எடுக்கிற ராத்திரி கடை சாத்தினதும் ரேக் ரேக்கா ஸ்கேனரை வெச்சு எண்ணுவாங்க. கம்ப்யூட்டர்ல 48 சோப்பு, ரேக்ல 41. மிச்சம் 7 ஷார்ட்டேஜ். அதுல திருட்டும் இருக்கும், எலி கடிச்சதும் இருக்கும், பெட்டியிலேயே குறைச்சு வந்ததும் இருக்கும். மஞ்ச சோப்பு, பச்சை சோப்பு ரெண்டும் ஒரே விலைதானேன்னு ஒரே பார்கோடுல அடிச்ச பில்லிங் தப்பும் இருக்கும். எது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. அதனால பல கடையில அந்த செக்‌ஷன்ல நிக்கிற பிள்ளைங்க சம்பளத்துல பிடிச்சிடறாங்க. அவங்க கவனக்குறைவாலதான் போச்சுன்னா மட்டும், அதுவும் விளக்கம் கேட்டுட்டுத்தான் பிடிக்கணும்னு 1936 ஊதியச் சட்டத்துலயே இருந்துச்சு, அதுக்குப் பதிலா இப்போ வந்திருக்கிற ஊதியச் சட்டத்துலயும் இருக்கு. பென்னாகரத்துல இருந்து காலையில பஸ் ஏறி வந்து நாள் பூரா நிக்கிற பிள்ளை அதைக் கேட்டா, மறுநாள் வேலை இருக்குமா? நீங்க கம்பெனி பணம்ங்கிறது அந்தப் பிள்ளையோட சம்பளம்.

இன்சூரன்ஸ் இருக்கேம்பீங்க. பூட்டை உடைச்சுத் திருடினாத்தான் பொதுவா அது வரும். பட்டப்பகல்ல பையில போட்டுக்கிட்டதுக்கு வராது.

பசிக்கு எடுத்தாங்கன்னா நான் சண்டைக்கே வரலை. 2024 ஜூலையில நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாங்கிற தண்டனைச் சட்டம்கூட, 5,000 ரூபாய்க்குக் குறைஞ்ச முதல் திருட்டுன்னா, பொருளைத் திருப்பிக் கொடுத்தவங்களுக்குச் சமூக சேவைதான் தண்டனைங்குது.

சின்னக் கடைக்கு அடி பலம்கிறது நிஜம். 40 ரூபா சோப்புக்கு அடக்கம் 36. ஒண்ணு போனா, இன்னும் 9 வித்தாத்தான் அந்த 36 திரும்பும். அந்த 9-லயும் கைக்கு ஒண்ணும் நிக்காது. சாயங்காலமானா தண்டல்காரர் வந்து நிப்பார். 10,000-னு எழுதி 9,000 கொடுத்திருப்பார், தினம் 100, நூறு நாள்.

அந்தக் கடைக்காக இவ்வளவு பேசறீங்களே, அங்க உங்க பாக்கியை முடிச்சீங்களா? கல்லாவுக்கு மேல ஆணியில தொங்குற கடன் நோட்டைப் பாருங்க, ஒண்ணாம் தேதி தர்றேன்னு சொன்ன பேருங்க பக்கம் பக்கமா இருக்கும். ஒண்ணாம் தேதி அதே ஆளு பெரிய கடையில ட்ராலி தள்ளிக் கார்டு தேய்க்கிறார். வரும்போது கடைப் பக்கம் வராம அடுத்த தெருவுல சுத்தி வீட்டுக்குப் போறார். கடைக்கார அம்மா வண்டிச் சத்தத்துலயே ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க. ஆனா கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா பாக்கியும் வராது, ஆளும் வரமாட்டார்.